கருங்கல்லின் வரியும் கிணற்றின் நீரும்

திருகோணமலைத் துறைமுகத்தின் கரையிலுள்ள சீனன்குடாவிலும் சுற்றுக் கிராமங்களிலும் கிணறு வெட்டுங்கால் பாறை தட்டினால், அதனைக் கருங்கல் என்னும் ஒரே பெயரால் அழைப்பது வழக்கம். ஆனால் பிறப்பால் வேறுபட்ட இருவகைப் பாறைகள் அப்பெயரில் அடங்கும். இவ்வேற்றுமையை அறியாது வெடிமருந்துக்கும் கூலிக்கும் பணத்தைச் செலவிட்டபின் கோடையிற் கிணறு வற்றுமாயின், அந்நட்டம் கமக்காரனையே சாரும்.

பூமியின் ஆழத்தில் உருகிய குழம்பு ஆறி இறுகுவதால் உண்டாவது தீப்பாறை. ஆனமடுவைக்கு அண்மையிலுள்ள தோணிகலவின் இளஞ்சிவப்புக் கிரனைற்று இவ்வகையினது. அதன் மணிகள் எத்திசையிலும் ஒழுங்கின்றிக் கோத்துக் கிடக்கும். உருமாறிய பாறையோ முன்னரே இருந்த பாறை, உருகாமலே, வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் மாற்றமுற்றது. சுண்ணாம்புக்கல் சலவைக்கல்லாகும், மணற்கல் குவாட்சைற்று என்னும் வெண்ணிறக் கடும்பாறையாகும். இலங்கை நிலத்தின் பத்தில் ஒன்பது பங்கின் அடியில் உள்ளவை பெரும்பாலும் இவ்வுருமாறிய பாறைகளே. சீனன்குடாவும் இதற்கு விலக்கன்று.

இரண்டையும் பிரித்தறியக் கருவி வேண்டியதில்லை. கல்லை உடைத்து, புதுமுகத்தை நீரால் நனைத்து, வெயிலிற் பார்த்தல் போதும். கருமையும் வெண்மையும் மாறிமாறி வரிவரியாகத் தோன்றின் அது நைசு என்னும் உருமாறிய பாறை. புள்ளி புள்ளியாகவே தோன்றின் பெரும்பாலும் தீப்பாறை. (குவாட்சைற்றில் வரி தெளிவாகத் தெரியாது, அதன் வெண்மையும் கண்ணாடி போன்ற உடைவுமே அடையாளம்.)

இவ்விரு பாறைகளிலும் நீர் மணிகளுக்குள் இருப்பதில்லை. பிளவுகளிலும், மேலே உக்கிய படையிலுமே தங்கும். நைசின் மைக்கா மிகுந்த வரிகள் விரைவில் உக்குவதால், வரி சாயும் திசையிற் பிளவும் ஈரமும் தொடர்தல் உண்டு. ஆதலின் வரியின் சாய்வை நோக்கியபின் கிணற்றின் இடத்தைத் தெரிதல் நன்று. பிளவற்ற திண்பாறையை மேலும் வெடிவைத்து ஆழமாக்குதல் பெரும்பாலும் வீண்செலவே. கடலுக்கு அண்மையிலோ மிகையாக நீரிறைத்தால் உவர்நீர் உட்புகும்.

மண்ணும் பாறையின் பிள்ளையே. துறைமுகத்தைச் சூழ்ந்த குவாட்சைற்றுக் குன்றுகள் எளிதில் உக்குவதில்லை; உக்கினும் மணலையே தரும். அச்சரிவுகளில் மண் மெல்லியது, உரம் தங்காது. நைசு உக்கிய பள்ளங்களில் களியும் பொற்றாசியமும் கூடுதலாக உண்டு. வடகீழ்ப் பருவமழையின் ஈரத்தை அம்மண் நெடுநாள் தாங்கும்.

கன்னியா வெந்நீரூற்றுக்களைக் கண்டு அருகில் எரிமலை இருந்ததென எண்ணுவோர் உளர். அது தவறு. மழைநீர் பிளவுவழியே ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள வெப்பத்தாற் சூடேறி மேலெழுகின்றது. பிளவு எத்துணை ஆழஞ் செல்லும் என்பதற்கு அதுவே சான்று.

உரக் கடையிலும் இவ்விரு பாறைகளும் உண்டு. சலவைக்கல் இனத்தைச் சேர்ந்த தொலமைற்றுப் பொடி உருமாறிய பாறையினது. மண்ணின் புளிப்பைத் தணித்து மகனீசியத்தை அளிக்கும். 1971ஆம் ஆண்டிற் கண்டுபிடிக்கப்பட்ட எப்பாவலைப் பொசுபேற்றுத் தீப்பாறையிற் பிறந்தது. அது மெல்லக் கரைவதால், புளிப்பு மண்ணில் வளரும் தேயிலை, இறப்பர் போன்ற நெடுங்காலப் பயிர்களுக்கே பொருந்தும். சீனன்குடாப் பக்கத்து வயல்களில் நெல்லுக்கு அதனை இட்டுப் பயன் எதிர்பார்த்தல் கூடாது. மூன்று நான்கு மாதத்தில் நெல் அறுவடையாகிவிடும், பொசுபேற்றோ பெரும்பாலும் கரையாமலே மண்ணிற் கிடக்கும்.