ஆக்சிஜனேற்ற எதிர்ப்பி மாத்திரைகள்

ஆக்சிஜனேற்ற எதிர்ப்பிகள் (ஆன்டி-ஆக்ஸிடன்ட்) என்பவை ஆக்சிஜன் வினைகளால் செல்களுக்கு ஏற்படும் சேதத்தைத் தடுக்கும் பொருள்கள் ஆகும். வைட்டமின் சி, வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் முதலியவை இப்பெயரில் மாத்திரைகளாக விற்கப்படுகின்றன.

நறுக்கி வைத்த வாழைக்காய் கறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ஆக்சிஜனின் வேலை. நம் செல்கள் உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும்போதும், இணையற்ற எலக்ட்ரான் கொண்ட 'தனி உறுப்புகள்' உண்டாகின்றன. இவை அளவு மீறிக் கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. ஆகியவற்றைத் தாக்கும் நிலையே ஆக்சிஜனேற்ற அழுத்தம். இவற்றை அடக்க கேட்டலேஸ், குளூட்டாதயோன் போன்ற காவலர்களை உடலே தயாரித்துக்கொள்கிறது. விளம்பரங்களில் இந்தச் செய்தி வருவதில்லை.

கண்புரைக்கும் ஆக்சிஜனேற்றம் ஒரு காரணம். எனவே மாத்திரை தந்தால் புரை வளர்வது குறையுமா என்று மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பங்கேற்ற ஆய்வு ஒன்று தென்னிந்தியக் கிராமத்து மக்களிடம் சோதித்தது. 798 பேர் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு பீட்டா கரோட்டின், வைட்டமின் சி, ஈ. மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. ஐந்து ஆண்டுகள் கவனித்தும் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. முடிவு 2006-இல் வெளியானது. உணவில் இச்சத்துகள் பொதுவாகக் குறைவாக உள்ள மக்களிடமே பலன் தெரியவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

வல்லக்கோட்டையில் தங்கி ஒரகடத்தில் ஷிப்ட் பார்க்கும் பிள்ளைகள் பலர், ஜிம்முக்குப் போகிறோம் என்று இம்மாத்திரைகளை வாங்குகிறார்கள். 2009-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில், ஆரோக்கியமான இளைஞர்கள் நான்கு வாரம் உடற்பயிற்சி செய்தனர். பயிற்சியால் இன்சுலின் நன்கு வேலை செய்யத் தொடங்கியது. ஆனால் தினமும் 1000 மி.கி. வைட்டமின் சி-யும் வைட்டமின் ஈ-யும் சாப்பிட்டவர்களிடம் அந்த நன்மை காணப்படவில்லை. பயிற்சியில் உண்டாகும் தனி உறுப்புகளே தசைக்குச் சமிக்ஞை என்பது விளக்கம். பின்னர் வந்த சில ஆய்வுகளில் இத்தடை தென்படவில்லை.

புகைப்பவர்களுக்கு விஷயம் இன்னும் தீவிரமானது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது (1994). குறையும் என்று நம்பித்தான் தொடங்கினார்கள்.

ஆணுக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்படும் வைட்டமின் சி 80 மி.கி. மட்டுமே. ஒரு கொய்யாப்பழத்திலேயே இது கிடைத்துவிடும். சத்துக் குறைபாட்டுக்கு மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.