அச்சு வளர்ந்த கதை – 14: காற்றைக் குடித்த ரப்பர்

கீழ்வேளூர்ப் பக்கம் சம்பா அறுவடை முடிந்து மில்லுக்கு வரும் நெல்லில் உமியை நீக்குவது இரண்டு ரப்பர் ரோலர்கள். ஒன்று வேகமாகவும் மற்றது சற்று மெதுவாகவும் சுழலும். அந்த வித்தியாசத்தில் நெல் உரசப்பட்டு, அரிசி நொறுங்காமல் உமி கழன்றுவிடும். மில்லுக்கு வேண்டிய அந்த வேக வித்தியாசம் ஆஃப்செட் அச்சில் மட்டும் வந்துவிடக் கூடாது. வந்தால் படத்தின் புள்ளிகள் இழுபட்டு நீளும், எழுத்தின் ஓரம் கலங்கும்.

ஆஃப்செட்டில் படம் பதிந்த பிளேட் தாளைத் தொடுவதில்லை. மை முதலில் ஓர் உருளையைச் சுற்றிய ரப்பர் விரிப்பான பிளாங்கெட்டில் இறங்கி, அங்கிருந்துதான் தாளுக்குப் போகிறது. 1875-இல் லண்டனில் ராபர்ட் பார்க்ளே, தகரத்தில் அச்சிடுவதற்காக நடுவே ஓர் உருளையை வைத்தார். காகிதத்துக்கு இந்த முறை வந்தது 1904-இல், அமெரிக்காவின் நட்லியில். ஐரா ரூபலின் மெஷினில் ஒரு சுற்றில் தாள் போகவில்லை. மை, அழுத்தும் உருளையின் ரப்பர் உறையில் பதிந்தது. அடுத்த தாளின் பின்பக்கத்திலும் படம் விழுந்தது, அதுவும் முன்பக்கத்தைவிடத் துல்லியமாக. ரூபல் அந்தத் தாளைக் கழிவில் போடாமல் கவனித்துப் பார்த்தார்.

ரப்பரிடம் ஒரு குணம் உண்டு. அது வளையும், நெளியும். ஆனால் கன அளவில் சுருங்காது. ஓரிடத்தில் அமுக்கினால் பக்கத்தில் பிதுங்கும். பிதுங்கிய இடத்தில் மேற்பரப்பின் வேகம் மாறும். கெட்டி ரப்பர் போர்த்திய பழைய பிளாங்கெட்டுகளின் தலைவலி இதுதான். தப்பித்தவறி இரண்டு தாள் சேர்ந்து நுழைந்தால் ரப்பர் அமுங்கிப் பள்ளமாகும். அந்த இடம் அச்சில் வெளுத்துப் போகும். மெஷின்மேன் பிளாங்கெட்டைக் கழற்றி, பள்ளத்துக்கு நேரே பின்பக்கத்தில் மெல்லிய டிஷ்யூ தாளை ஒட்டிச் சரிக்கட்டுவார்.

விடை, ரப்பருக்குள் காற்றை வைப்பது. பிளாங்கெட்டின் அடியில் உள்ள துணி அடுக்குகளுக்கும் மேல்ரப்பருக்கும் இடையே நுண்ணிய காற்றுக் குமிழ்கள் கொண்ட ஓர் அடுக்கைச் சேர்த்தார்கள். மொத்தத் தடிமன் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தான். அழுத்தத்தில் குமிழ் சுருங்கும், விட்டதும் நிமிரும். ரப்பர் பக்கவாட்டில் பிதுங்க வேண்டியதில்லை. சிவகாசியிலிருந்து நம் வீட்டுச் சுவருக்கு வரும் காலண்டர் படத்தில் நான்கு வண்ணப் புள்ளிகளும் இடம் மாறாமல் உட்காருவதில் இந்தக் குமிழ்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்த தொல்லை உருளையில் இருந்தது. பிளாங்கெட்டின் இரு நுனிகளையும் செருகி இறுக்க உருளையில் நீளவாக்கில் ஒரு பள்ளம் வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பள்ளம் வரும்போது மெஷின் அதிரும். அவ்விடத்தில் படமும் விழாது. ரீல் காகிதம் ஓடும் பெரிய மெஷின்களில் அந்த இடத்துக் காகிதம் அத்தனையும் வீண். 1990-களில் ஹைடல்பெர்க் ஹாரிஸ் நிறுவனத்தின் ‘சண்டே’ மெஷின்கள் பள்ளத்தையே ஒழித்தன. பிளாங்கெட் மூட்டில்லாத குழாயானது. உருளையின் துளைகள் வழியாக அழுத்தக் காற்று பீறிட, குழாய் இம்மியளவு விரிந்து வழுக்கி ஏறும். காற்றை நிறுத்தினால் இறுகப் பிடித்துக்கொள்ளும்.

இத்தனைக்குப் பிறகும் பிளாங்கெட்டைக் கெடுக்க ஒன்று மிச்சமிருக்கிறது: மை. சாதாரண மைக்கு ஏற்ற ரப்பர், புற ஊதா ஒளியில் உலரும் மையில் ஊறி உப்பிவிடலாம். அடுத்த வாரம் அந்த மையைப் பார்ப்போம்.

(தொடரும்)