அப்பா நடக்கிறார்... அம்மா?

உத்திரமேரூர் பக்கம் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஹார்ட் அட்டாக் வந்து, ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பியவர் அப்பா. மறுமாதமே மகன் கேன்வாஸ் ஷூ வாங்கித் தருவான். விடியற்காலையில் ஏரிக்கரைப் பக்கம் நடந்துவிட்டு வருவார். 'டாக்டர் சொல்லியிருக்கார்' என்று வீடே அவருக்காக வழிவிடும்.

அதே ஸ்டென்ட் அம்மாவுக்கு வைத்திருந்தால்? நாலாம் நாள் அடுப்படியில் நிற்பார். நடக்கச் சொன்னால், "காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் நின்னுக்கிட்டேதானே இருக்கேன், இதுக்கு மேல என்ன எக்சர்சைஸ்?" என்பார். நாமும் 'அதானே!' என்று விட்டுவிடுவோம்.

அங்கேதான் தப்பு செய்கிறோம். வீட்டு வேலை வீண் என்று சொல்லவில்லை. ஆனால் அது விட்டுவிட்டுச் செய்கிற வேலை. உடம்பு அசந்து போகும், அவ்வளவுதான். இதயத்துக்கு வேண்டியது வேறு. துடிப்பு மெல்ல ஏறி, கொஞ்ச நேரம் அப்படியே நின்று, மெல்ல இறங்க வேண்டும்.

கனடாவின் கால்கரியில் 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இதய நோயாளிகளை ஆராய்ந்து, 2015-ல் முடிவு வெளியிட்டார்கள். உடற்பயிற்சியோடு கூடிய இதய மறுவாழ்வுச் சிகிச்சைக்கு ஆண்களில் 100-க்கு 42 பேரை அனுப்பியிருந்தார்கள். பெண்களில் 31 பேரைத்தான்! ஆனால், முடித்தவர்களிடம் மரணம் குறைந்ததே... அந்தக் குறைவு ஆண்களைவிடப் பெண்களிடம்தான் அதிகம். பயிற்சியை முடித்த பெண்கள் முதலிலேயே கொஞ்சம் தெம்பானவர்களாக இருந்திருக்கலாம். அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். 'பொம்பளைங்களுக்கு இதெல்லாம் எதுக்கு' என்று சொல்ல மட்டும் இனி இடமில்லை.

உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டைப் பார்த்திருப்பீர்கள். யார் வாரியத்துக்கு வரலாம், யார் கூடாது என்று பராந்தக சோழன் காலத்திலேயே வயது முதற்கொண்டு செதுக்கி வைத்தார்கள். இதய நோய் வந்த பெண் நடக்கப் போகக்கூடாது என்று எந்தச் சுவரிலும் எழுதவில்லை. ஆனாலும் போவதில்லை! காஞ்சிபுரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ பஸ் ஏறக் கூட ஆள் வேண்டும். ரோட்டில் தனியாக நடந்தால் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற கூச்சம் வேறு.

அடுத்த செக்கப்பில் நீங்களே வாய் திறந்து கேளுங்கள்: "டாக்டர், அம்மா எவ்வளவு நடக்கலாம்?" 6 நிமிடம் நடக்கவைத்துப் பார்த்தே ஓரளவு கணிக்கலாம். அவர் சரி என்ற பிறகு, வாசலிலோ மொட்டை மாடியிலோ 5, 10 நிமிடத்தில் ஆரம்பித்து மெல்லக் கூட்டுங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கிப் பேச்சு திக்கினால் வேகத்தைக் குறைக்கணும்.

நெஞ்சுவலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்தணும். பெண்களுக்கு நெஞ்சுவலியோடு, சில சமயம் அது இல்லாமலே, தாடை வலி, முதுகு வலி, குமட்டல், காரணமில்லாத அசதி என்றும் வரும். 'கேஸ் ட்ரபிள்' என்று சோடா வாங்கிக் கொடுத்து உட்காரவைக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

முதல் மாதம் மருமகளோ பேத்தியோ கூட நடக்கட்டும். அந்த அரை மணி நேரம் அடுப்பை யார் பார்ப்பது? அதை இன்று ராத்திரி சாப்பிடும்போதே பேசி வையுங்கள்.