சேர்த்தலும் பிரித்தலும்: மாதிரிப் புகையிரதத்தின் மின்காந்தக் கொளுவி

சொற்புணர்ச்சி விதிகளைக் கற்பிக்கும் தமிழாசிரியன் ஒருவன் புகையிரதப் பெட்டிகளின் புணர்ச்சியைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு பழைய மாணவர் சிலர் நகைத்தல் கூடும். ஆயினும் இரண்டிற்கும் ஓர் ஒற்றுமை உண்டு. சேர்ப்பது எளிது, வேண்டிய இடத்திற் பிழையின்றிப் பிரிப்பதே அரிது.

பெரும் புகையிரதங்களில் இவ்வருமை மனித உயிர்களை விலையாகக் கேட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்காவில், நெருங்கி வரும் இரு பெட்டிகளுக்கு நடுவே தொழிலாளி நின்று, இரும்பு வளையத்தைக் கையாற் பிடித்துச் செலுத்தி ஆணியிட வேண்டியிருந்தது. விரலிழந்தோரும் கையிழந்தோரும் உயிரிழந்தோரும் பலர். மடக்கிய விரல்கள் ஒன்றையொன்று பற்றுதல் போலத் தாமே பூட்டிக்கொள்ளும் கொளுவிக்கு ஈலை ஜானி என்பார் 1873இல் உரிமை பெற்றார். 1893இல் இயற்றப்பட்ட சட்டம் தானியங்கிக் கொளுவிகளைக் கட்டாயமாக்கியது. பிரித்தற்கும் பெட்டியின் பக்கத்தே உள்ள நெம்பை உயர்த்தினாற் போதும்; ஆள் நடுவே புக வேண்டுவதில்லை.

இனி, மாதிரிப் புகையிரதத்தை நோக்குவோம். பெரிதும் வழங்கும் எச்-ஓ அளவில், உண்மைப் பொருளின் 87இல் ஒரு பங்காக யாவும் அமையும். தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மில்லிமீற்றர். பெட்டிகள் முட்டியவுடன் கொளுவிகள் தாமே பூட்டிக்கொள்ளும். பிரிப்பதற்கோ கையால் உயர்த்த வேண்டும். அல்லது தண்டவாளங்களுக்கு நடுவே கொளுவியை உயர்த்தும் சரிவையோ காந்தத்தையோ பதிக்க வேண்டும். முன்னையது அழகைக் கெடுத்துப் பெட்டியையும் கவிழ்க்கும். பின்னையது பதித்த இடத்தில் மட்டுமே பயன்படும்.

கொளுவியையே மின்னால் உயர்த்தினால் இவ்விரு குறையும் நீங்கும். மின்னோட்டம் காந்தவூசியைத் திருப்புமென ஏர்ஸ்டெட் 1820இற் கண்டார்; சில ஆண்டுகளில் ஸ்டேர்ஜன் மின்காந்தத்தை அமைத்தார். அதே தத்துவப்படி, எஞ்சினின் முனையில் மெல்லிய கம்பிச் சுருளை வைத்து ஓட்டத்தைச் செலுத்தினால் கொளுக்கி மேலெழும். ஜேர்மனியின் மேர்க்லின் நிறுவனம் 'டெலெக்ஸ்' என்னும் பெயரால் இத்தகைய கொளுவியை இலக்கமுறைக்கு முன்னரே வழங்கிற்று.

ஒரே தண்டவாளத்தில் எஞ்சின்கள் பல நிற்க, ஒன்றன் கொளுவியை மட்டும் எவ்வாறு உயர்த்துவது? வகுப்பில் இடாப்பு வாசிக்கும் ஆசிரியரை நினைவுகூர்க. பெயர் எல்லோர் செவியிலும் விழும்; உரியவனே விடையிறுப்பான். இலக்கமுறைக் கட்டுப்பாடும் அவ்வாறானதே. அமெரிக்கத் தேசிய மாதிரிப் புகையிரதச் சங்கம் 1990களில் வகுத்த நியமத்தின்படி, எஞ்சினை ஓட்டும் மின்னே செய்தியையும் சுமக்கின்றது. திசை மாறி மாறி வரும் துடிப்பு ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் 58 பங்கு நீடிப்பின் 'ஒன்று'. 100 பங்கோ அதற்கு மேலோ நீடிப்பின் 'பூச்சியம்'. இவற்றாலாய செய்தியில் முதலில் எஞ்சினின் விலாசமும், அடுத்து ஏவலும், இறுதியிற் சரிபார்க்கும் எண்ணும் வரும். ஒவ்வோர் எஞ்சினுள்ளும் உள்ள குறிவிலக்கி தன் விலாசத்திற்கு வந்த ஏவலையே ஏற்கும். சரிபார்க்கும் எண் பொருந்தாவிடின் செய்தியைத் தள்ளிவிடும். அழுக்கேறிய தண்டவாளத்தில் ஏவல் தவறுதல் கூடுமாதலின், நிலையம் அதனை மீண்டும் மீண்டும் அனுப்பும்.

இன்னும் இரு தடைகள் உள. முதலாவது வெப்பம். நுண்ணிய சுருளில் முழு ஓட்டமும் நெடுநேரம் பாயின் அது கருகிவிடும். ஆனால் கொளுக்கியை எழுப்பவே வலிய ஓட்டம் வேண்டும்; எழுந்தபின் இரும்புக்கும் காந்தத்துக்குமிடையே வெளி குறைவதால், தாங்கிநிற்கச் சிறிது ஓட்டம் போதும். ஓட்டம் பாதியானால் வெப்பம் காற்பங்காகும். ஆதலின் குறிவிலக்கி முதலிற் கணநேரம் முழு வலுவையும் கொடுத்துப் பின் குறைத்து, குறித்த நேரத்தில் தானே நிறுத்திவிடும்.

இரண்டாவது இழுவிசை. பெட்டிகளை இழுத்து நிற்கும்போது கொளுக்கிகள் இறுகிப் பற்றுவதால், சிறு காந்தம் அவற்றை எழுப்பமாட்டாது. எனவே எஞ்சின் முதலிற் சற்றுப் பின்வாங்கித் தளர்வு உண்டாக்கும், கொளுக்கி எழும், பின்னர் எஞ்சின் முன்னேறி விலகும். ஜேர்மானியர் இதனைக் 'கொளுவி நடனம்' என நயமாக வழங்குவர். குறிவிலக்கிகள் பல ஓர் ஏவலிலேயே இம்மூன்றையும் நிறைவேற்றும்.

இம்முறைக்கும் எல்லையுண்டு. கொளுவி எஞ்சினில் மட்டும் இருப்பின் தொடர் முழுவதையுமே விட்டுவிலக முடியும். இடையே அறுப்பதற்கு அவ்விடத்துப் பெட்டியிலும் குறிவிலக்கியும் சில்லுகளின் வழி மின்பெறும் வசதியும் வேண்டும்.

விளையாட்டுப் பொருளென இதனை இகழற்க. பெட்டிகளின் நடுவே மனிதன் கை வைக்க வேண்டாத நிலையை மேசைமேல் எய்திவிட்டோம். ஐரோப்பாவின் சரக்குப் பெட்டிகளிற் பெரும்பாலானவற்றில் இன்றும் தொழிலாளி நடுவே புகுந்து திருகுக் கொளுவியைப் பூட்டுகின்றான். அவனையும் அவ்விடரினின்று விடுவிக்கத் தானியங்கும் இலக்கமுறைக் கொளுவிகளை அங்கு ஆக்கிச் சோதித்து வருகின்றனர். வலிந்து இழுத்தாற் பிரியாதது, ஒரடி பின்வாங்கித் தளர்த்தினாற் பிரியும் என்பதையோ, இச்சிறு எஞ்சின் நமக்கெல்லாம் இப்போதே கற்பிக்கின்றது.