குளிரை முதலாக்கிய மலைநாடு

கடல் சூழ்ந்த ஜப்பானில் கடற்கரையே இல்லாத மாகாணங்கள் எட்டு. அவற்றுள் பரப்பிலே பெரியது, தேசத்தின் நட்ட நடுவில் 3,000 மீட்டர் சிகரங்களின் மத்தியில் ஒதுங்கியிருக்கும் நாகானோ. பழைய வழக்கில் அதை ஷின்ஷூ என்பார்கள். இன்றைக்கும் அங்கே கடைப்பலகைகளிலும் பண்டப் பொட்டலங்களிலும் அந்தப் பெயரே அதிகம் தென்படும். 13,500 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நிலத்தில் முக்கால் பங்குக்கும் அதிகமாகக் காடு போக, எஞ்சிய பள்ளத்தாக்குகளில் சுமார் 20 லட்சம் ஜனங்கள் வசிக்கிறார்கள். துறைமுகம் கிடையாது, பரந்த நெல்வெளி கிடையாது, எலும்பை நடுக்கும் குளிர் மட்டும் தாராளமாக உண்டு. அந்தக் குளிரையே மூலதனமாக்கிக்கொண்டதும், மலைப்பாதையில் சுமந்து போவதற்குக் கட்டுப்படியாகும் பண்டங்களாக, அதாவது கனம் குறைந்து விலை மிகுந்த பண்டங்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததுமே அம்மக்களின் பிழைப்புக்கு ஆதாரமாயின என்பது என் அபிப்பிராயம்.

முதலில் பட்டு. பட்டுப்புழுவின் முட்டை வசந்தகாலத்து வெதுவெதுப்பில் தானாகவே பொரிந்துவிடும். ஆகையால் ஆண்டுக்கு ஒரு முறை, முசுக்கொட்டை துளிர்க்கும் பருவத்தில் மட்டுமே புழு வளர்ப்பது ஆதிகால வழக்கம். நாகானோவின் மலைச்சரிவுகளிலோ பாறையிடுக்குகளிலிருந்து கோடையிலும் சில்லென்ற காற்று வீசும் குகைகள் உண்டு. மாட்சுமோட்டோவை அடுத்த மலைக்கிராமத்தார், ஊறுகாய் முதலியவற்றை வைத்துவந்த அந்தக் குகைகளில் முட்டைகள் ஒட்டிய அட்டைகளை வைத்துப் பார்த்து, பொரிவதைத் தம் இஷ்டம்போல் தள்ளிப்போடலாம் என்று கண்டுகொண்டார்கள். கோடையிலும் இலையுதிர்காலத்திலும் புழு வளர்ப்பது இதனால் சாத்தியமாயிற்று. மின்சாரக் குளிர்பெட்டி பிறக்காத காலத்தில், மலை ஓசியில் கொடுத்த குளிரை அட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு வாடகைக்கு விட்டவர்களும் உண்டு.

1872-இல் சர்க்கார் அண்டை மாகாணத்து டோமியோகாவில் பிரெஞ்சு யந்திரங்களைத் தருவித்து ராஜ தோரணையில் ஒரு பட்டாலையை எழுப்பிற்று. அந்த இரும்பு யந்திரங்களை வாங்க வகையற்ற சுவா ஏரிக்கரை வாசிகள், அதே வேலையை மரச் சட்டத்தாலும் சுட்ட மண் தொட்டியாலும் செய்துகொண்டு, ஏரியிலிருந்து புறப்படும் டென்ர்யூ ஆற்றின் ஓட்டத்தைக் கொண்டு ராட்டினங்களைச் சுழற்றினார்கள். 1873-இல் ஒகாயாவை அடுத்த கிராமத்தில் சிறு தொழிலாகப் பிறந்த காட்டகுரா நிறுவனம் பின்னாளில் அந்த டோமியோகா ஆலையையே, 1939-இல், தனதாக்கிக்கொண்டது. ராஜ தோரணை தோற்று மண்தொட்டி ஜெயித்த விசித்திரம் வியாபார சரித்திரத்தில் அடிக்கடி நடப்பதுதான்.

இந்தச் சுபிட்சத்துக்கு விலை கொடுத்தவர்கள் பெண் பிள்ளைகள். அயல் பிரதேசமாகிய ஹிடாவின் ஏழைக் குடியானவர்கள் தம் பெண்களை முன்பணம் வாங்கிக்கொண்டு ஆலைக்கு அனுப்ப, அவர்கள் 1,672 மீட்டர் உயரமுள்ள நோமுகிக் கணவாயைப் பனியில் நடந்து கடந்து வந்து, கொதிநீர்த் தொட்டியின் முன் நாள் முழுதும் அமர்ந்து, கூட்டிலிருந்து மயிரிழை போன்ற நூலைப் பிரித்தெடுத்தார்கள். நூலின் தரத்தைச் சோதித்தே கூலி. தரம் குறைந்தால் அபராதம். 1927-இல் ஒகாயாவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் வேலைநிறுத்தம் செய்து பார்த்தார்கள்; பலிக்கவில்லை.

பட்டில் பெரும்பகுதி அமெரிக்க மாதரின் காலுறைக்காகப் போய்க்கொண்டிருந்தது. எங்கோ நியூயார்க்கில் 1929-இல் பங்குச் சந்தை சரிந்தபோது, ஷின்ஷூவின் குடிசையில் பட்டுக்கூட்டின் விலை மண்ணைக் கவ்வியது. சில வருஷங்களில் நைலானும் வந்து சேர்ந்தது. ஒரே பண்டத்தை நம்பிய மாகாணம் அதற்குச் செலுத்திய தண்டம் கொடியது. மஞ்சூரியாவில் குடியேறுவதற்கென்று கிராமம் கிராமமாக ஜனங்களைப் பெயர்த்து அனுப்பிய சர்க்கார் திட்டத்தில் வேறெந்த மாகாணத்தையும் விட அதிகமாக, 30,000-க்கு மேற்பட்டவர்களை நாகானோ அனுப்பியது. 1945-க்குப் பிறகு அவர்களில் திரும்பாதவர் அநேகர். அங்கே இன்று தொழிலைப் பற்றிப் பேசுகிறவர்கள் ‘ஒன்றை மட்டும் நம்பாதே’ என்பதைச் சற்று அழுத்தியே சொல்வதற்கு இதுவே காரணமாயிருக்கலாம்.

வெறுமையான ஆலைகளும், நுண்ணிய வேலைக்குப் பழகிய கைகளும், தூசி குறைந்த காற்றும் இருந்த சுவாவுக்கு அடுத்த தொழில் யுத்தத்தின் மூலமாக வந்தது. 1942-இல் அவ்வூர்க் கடிகாரக் கடைக்காரரான யாமசாகி ஹிசாவோ, மிசோ என்னும் சோயா விழுது வைத்திருந்த பழைய கிடங்கு ஒன்றைச் செப்பனிட்டு, டைவா கோக்யோ என்ற பெயரில் கடிகார உறுப்புகள் செய்யும் பட்டறையைத் தொடங்கினார். மறு வருஷமே டோக்கியோவின் செய்கோ நிறுவனம் குண்டுவீச்சுக்கு அஞ்சித் தன் தொழிற்சாலையில் ஒரு பகுதியை அங்கே பெயர்த்துக்கொண்டு வந்தது. சமாதானம் திரும்பியபோது அந்தத் தொழில் மலையைவிட்டு இறங்கவில்லை. 1964-ஆம் வருஷத்து டோக்கியோ ஒலிம்பிக்ஸில் ஓட்டத்தின் நேரத்தை அளந்து காகிதத்தில் அச்சடித்துத் தரும் கருவியைச் செய்தவர்கள், அந்த அனுபவத்தைக் கொண்டே 1968-இல் உள்ளங்கையளவு அச்சு யந்திரமொன்றை விற்பனைக்கு விட்டார்கள். அதன் பெயர் ஈபி-101. அதன் ‘மகன்’ என்ற பொருளில் 1975-இல் சூட்டிய வியாபாரப் பெயர்தான் எப்சன். இடையில், 1969 டிசம்பர் 25-ஆம் தேதி, மாதத்துக்கு ஐந்து விநாடிக்கு மேல் பிசகாத ஆஸ்ட்ரான் என்னும் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை 4,50,000 யென் விலையில் வெளியிட்டார்கள். அன்றைக்கு ஒரு சிறிய மோட்டார் காரின் விலை அது; ஸ்விட்சர்லாந்தின் கடிகாரக்காரர்களைப் பத்தே ஆண்டுகளில் கதிகலங்க வைத்ததும் அந்தக் கடிகாரம்தான். சுவாவைக் ‘கீழைநாட்டு ஸ்விட்சர்லாந்து’ என்று முன்பே புகழ்ந்துவந்தவர்கள், வாக்கு இவ்வளவு சீக்கிரம் பலிக்குமென்று எண்ணியிருக்க மாட்டார்கள். எப்சனின் தலைமையகம் இன்றும் ஏரிக்கரையிலேயே இருக்கிறது. 1938-இல் டோக்கியோவில் பிறந்து தெற்கே ஈடா நகரில் வேரூன்றிய தமகாவா செய்கி நிறுவனம், மின்மோட்டார் எந்தக் கோணத்தில் சுழல்கிறது என்று உணர்ந்து சொல்லும் உறுப்பைச் செய்து, பேட்டரியும் பெட்ரோலும் சேர்ந்து ஓடும் கார்களுக்கு வழங்குகிறது.

நம் வீட்டுச் சமையலறையில் சைனா கிராஸ் என்றும் கடற்பாசி என்றும் சொல்லப்படும் பண்டம், கடலே இல்லாத இந்த மாகாணத்தின் பெயர்போன சரக்கு என்பது விந்தையாகத் தோன்றும். சீனோ ஊராரின் செய்முறையைக் கவனித்தால் விந்தை தீரும். கடலோரத்திலிருந்து வந்திறங்கும் பாசியைப் பெரிய கொப்பரையில் காய்ச்சி, வடித்து, உறைய வைத்து, செங்கல்லைப்போல் நீளத் துண்டுகளாக அறுத்து, அறுவடை முடிந்து வெறுமையாகக் கிடக்கும் வயலில் வரிசை வரிசையாகப் பரப்பிவிடுகிறார்கள். இரவில் அது கல்லாக உறைகிறது. பகலில் வெயில் பட்டு உருகித் தண்ணீர் வடிகிறது. இப்படி மாறி மாறி இரண்டு வாரமளவில் நடந்தபின், தண்ணீரெல்லாம் போய்க் காகிதம்போல் லேசான வெண்சக்கை மிஞ்சுகிறது. இரவுக் குளிரும் பகல் வெயிலும் ஒரே நாளில் கிடைக்கும் வறண்ட மலைவெளியன்றிக் கடற்கரையில் இது நடவாது.

இதே சரக்கை யந்திரத்தால் செய்யும் ஈனா உணவுத் தொழில் நிறுவனம் 1958-இல் தோன்றி, 48 வருஷம் இடைவிடாமல் விற்பனையைப் பெருக்கிவந்தது. அதை நடத்திய த்சுகாகோஷி ஹிரோஷி, மரத்தில் வருஷத்துக்கொரு வளையம் விழுவதுபோல் நிதானமாக வளர்வதே உத்தமம் என்று உபதேசித்தவர். 2005-இல் தொலைக்காட்சியின் புண்ணியத்தால் ஜப்பான் முழுவதும் உடல் மெலியக் கடற்பாசி தின்னும் பைத்தியம் பிடித்தபோது, வேண்டுகோள்களுக்கு இணங்கி மனமில்லாமலே உற்பத்தியைக் கூட்டினார். மறு வருஷம் பைத்தியம் தெளிந்தது, விற்பனையும் விழுந்தது. திடீர் கிராக்கியை வரவேற்காத முதலாளிகள் நம்மிடையே எத்தனை பேர்?

கிழக்குக் கோடியிலுள்ள காவகாமி கிராமம் 1,100 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. அங்கே விளையும் லெட்டூஸ் கீரை முதலில் அமெரிக்கத் துருப்புகளின் சாப்பாட்டு மேஜைக்காகப் பயிரிடப்பட்டது. கோடையில் சமவெளியில் இக்கீரை வாடிவிடும். காவகாமியிலோ அதுதான் பருவம். நள்ளிரவு கழிந்து இரண்டு மூன்று மணிக்கே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கி, அடித்தண்டைக் கத்தியால் அறுத்து, அறுத்த இடத்தில் கசியும் பாலைத் தண்ணீர் பீச்சிக் கழுவி, அங்கேயே அட்டைப்பெட்டியில் அடுக்கிவிடுகிறார்கள். பிறகு காற்றை உறிஞ்சியெடுத்த அறையில் பெட்டிகளை வைத்தால், இலையின் ஈரம் ஆவியாகிக் கொஞ்ச நேரத்தில் உள்ளும் புறமும் குளிர்ந்துவிடும். மறுநாள் பட்டணத்துக் கடையில் இலை மொரமொரவென்று நிற்கும். ஆனால் வேலை செய்வது யார்? சீனத்திலிருந்தும் வியத்நாமிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் ‘தொழில் பயிற்சி’ என்ற பெயரில் வரும் வாலிபர்கள். 2020-இல் தொற்றுநோயால் எல்லைகள் மூடப்பட்டபோது கிராமம் திண்டாடிப்போயிற்று. பயிற்சி என்ற போர்வையில் கூலி வேலை வாங்கும் அந்த முறையை அகற்றி வேறு ஏற்பாடு செய்வதற்கு 2024-இல் சட்டம் இயற்றியிருக்கிறார்கள்.

பழ விவசாயத்தில் இம்மாகாணத்தாரின் சாமர்த்தியம் வேறு விதமானது. ஷினானோ கோல்ட் என்ற மஞ்சள் ஆப்பிள் மாகாணத்தின் சொந்த ஆராய்ச்சிப் பண்ணையில் உருவானது. அதைப் பயிரிடும் உரிமையை இத்தாலியின் தெற்கு டிரோல் விவசாயிகளுக்கு உடன்படிக்கை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஷைன் மஸ்கட் திராட்சையை உண்டாக்கிய தேசிய ஆராய்ச்சி நிலையமோ வெளிநாட்டில் உரிய காலத்தில் பதிவு செய்யத் தவறியதால், அது சீனத்திலும் கொரியாவிலும் கேள்விமுறையின்றிப் பரவிவிட்டது. மரத்தை வளர்ப்பதோடு காகிதத்தையும் கவனிக்க வேண்டுமென்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

உறைபனியையும் விற்கலாம் என்று காட்டியது 1998-ஆம் வருஷத்துக் குளிர்கால ஒலிம்பிக்ஸ். முந்திய அக்டோபரிலேயே அதிவேக ரயில் நாகானோ நகரை எட்டிற்று. விழா முடிந்தபின் கடன்பளு நின்றது. விழாவை வரவழைக்கச் செய்த செலவின் கணக்குப் புத்தகங்களை எரித்துவிட்ட செய்தியும் ஊரார் வாயில் விழுந்தது. ஜப்பானிய இளைஞர்களிடையே பனிச்சறுக்கு மோகமும் குறைந்துகொண்டு வந்தது. பனிச்சறுக்குக்குப் பெயர்போன ஹாகுபா கிராமத்தைக் காப்பாற்றியவர்கள் ஆஸ்திரேலியர். தங்கள் ஊரில் கோடையாயிருக்கும் மாதங்களில் இங்கே வந்து சறுக்கியவர்கள், நாளடைவில் விடுதிகளையும் நிலங்களையும் வாங்கலானார்கள். ஜப்பானிலேயே அதிவேகமாக நிலவிலை ஏறும் ஊர்களில் இன்று ஹாகுபா ஒன்று. நிலம் விற்றவர்களுக்கு லாபம். அவ்வூரிலேயே சம்பளத்துக்கு உழைத்து வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கு அவ்வளவு சந்தோஷமில்லை.

புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கு அங்கே என்ன இடமிருக்கிறது? ஓகாவா என்னும் சிறு கிராமத்தில், காய்கறிப் பூரணம் வைத்த ஓயாகி அப்பத்தை அடுப்புச் சாம்பலில் புதைத்துச் சுட்டு விற்கும் ஸ்தாபனம் ஒன்று, அறுபது வயதில் வேலைக்குச் சேரலாம், ஓய்வுபெறும் வயது கிடையாது என்று அறிவித்துக் கிழவிகளையே கைத்தொழிலாளராகக் கொண்டு நடக்கிறது. முதியோர் வேலை செய்யும் விகிதத்தில் ஜப்பானின் முன்வரிசையில் நிற்கும் மாகாணத்துக்குப் பொருத்தமான யோசனைதான்.

என் கணிப்பில் அதிக வாய்ப்புள்ளது திராட்சை ரசம். ஷியோஜிரியின் கிக்யோகஹாராவில் விளைந்த 1985-ஆம் வருஷத்து மெர்லோ ரகத் திராட்சையின் ரசம், 1989-இல் லூப்லியானா போட்டியில் உயர்ந்த தங்கப் பதக்கம் பெற்றது. 2021-இல் ‘நாகானோ’ என்ற பெயருக்குப் புவிசார் பாதுகாப்பும் கிடைத்தது. உரிமம் பெற வருஷத்துக்கு 6,000 லிட்டர் தயாரித்தாக வேண்டும் என்பது பொது விதி. 2008-இல் டோமி நகரம் விசேஷ மண்டலமாக அறிவிக்கப்பட்டு அது 2,000 லிட்டராகத் தளர்ந்ததும், வங்கி வேலையையும் கம்ப்யூட்டர் வேலையையும் விட்டுவிட்டுச் சரிவில் கொடி நடும் சிறு தயாரிப்பாளர்கள் பெருகினார்கள். உஷ்ணம் ஏறிக்கொண்டே போகும் இக்காலத்தில், தாழ்ந்த இடங்களில் ஆப்பிளுக்குச் சிவப்பு ஏறுவது சிரமமாக, உயர்ந்த சரிவுகளின் மதிப்பு கூடுகிறது. பட்டு போனபின் தரிசாகிய முசுக்கொட்டைத் தோட்டங்களும் அங்கங்கே கிடக்கின்றன. மூலதனத்தைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு: ஜப்பானில் வீட்டுமனையை வெளிநாட்டாரும் தாராளமாக வாங்கலாம், விளைநிலமோ உள்ளூர் விவசாயக் குழுவின் அனுமதியின்றிக் கைமாறாது. ஆகவே கொடி நட வருகிறவர், பெரும்பாலும் முதலில் யாரிடமாவது பண்ணை வேலைக்கு அமர்ந்து, ஊர் முகம் பழகிய பிறகே ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்குக் கேட்கிறார்.