புழுதியை அடக்கிய ஒரு சாண் தண்ணீர்

ஏரி வற்றினால் பாசனம் போகும், மீன் போகும் என்பது விவசாயிகள் அனைவரும் அறிந்ததே. ஆனால் வற்றிய ஏரியிலிருந்து எழும் புழுதி சுற்று வட்டாரத்தையே வாட்டும் என்பதும், அங்கு வந்த பறவைகள் இல்லாமற் போகும் என்பதும் பலருக்குத் தெரியாது. இதற்கு அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள ஓவன்ஸ் ஏரி தக்க எடுத்துக்காட்டாகும்.

இது சுமார் 110 சதுர மைல் பரப்புள்ள உப்பு ஏரி. சியரா நெவாடா மலையில் பனி உருகி வரும் நீர், ஓவன்ஸ் ஆற்றின் வழியாக இதில் சேர்ந்து வந்தது. ஆற்றங்கரை உழவர்கள் ஆப்பிள், குதிரைமசால் முதலியவற்றைப் பயிரிட்டனர். 1913-ம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 233 மைல் நீளத்துக்குக் கால்வாயும் குழாயும் அமைத்து ஆற்று நீரைக் கொண்டு சென்றது. 1924 நவம்பரில் உழவர்களும் ஊராரும் திரண்டு, கால்வாயின் மதகைக் கைப்பற்றித் தண்ணீரைப் பழைய வழியிலேயே திருப்பிவிட்டனர். நான்கு நாட்களுக்குப் பின் மதகு மூடப்பட்டது. 1926 வாக்கில் ஏரி ஏறக்குறைய முழுவதும் வற்றிவிட்டது.

புழுதி எழுவது எப்படி?

ஏரி வற்றியதும் அடியில் உப்புப் படிந்தது. கோடையில் இது ஓடு போல் இறுகிக் கிடக்கும். குளிர்காலத்தில் ஈரமும் குளிரும் சேரும்போது உப்பு பொங்கிப் பொருபொருவென்று ஆகிவிடும். பிறகு வீசும் காற்றில் மணல் துகள்கள் துள்ளித் துள்ளி விழுந்து இந்த ஓட்டை உடைக்கும். உடைந்த இடத்திலிருந்து மாவு போன்ற புழுதி கிளம்பும். மணல் அருகிலேயே விழுந்துவிடும். புழுதியோ பல மைல் தூரம் செல்லும். அதில் உப்புடன் ஆர்சனிக் என்னும் நஞ்சும் கலந்திருந்தது. அமெரிக்காவிலேயே மிக அதிகமாக நுண்புழுதி எழும் தனி இடம் என்ற கெட்ட பெயர் இந்த ஏரிக்குப் பல ஆண்டுகள் இருந்தது.

பறவைகளுக்கு நேர்ந்தது என்ன?

1917-ல் ஜோசப் கிரின்னெல் என்ற உயிரியல் அறிஞர் இந்த ஏரிக்குச் சென்று, கரை நெடுக நீர்ப்பறவைகள் பெருந்திரளாக இருந்ததை எழுதி வைத்திருக்கிறார். அவற்றுக்கு உணவு அளித்தது உப்பு நீரில் வளரும் ஒரு வகை ஈயும் அதன் புழுக்களுமே. நீர் போனதும் ஈ போயிற்று. ஈ போனதும் பறவைகள் போயின. வடக்கிலிருந்து தெற்கே வெகுதூரம் பறந்து செல்லும் உள்ளான் இனங்களுக்கு இடையில் இளைப்பாறி இரை தேட இடமில்லாமற் போயிற்று. ஒரு சில ஊற்றுகளின் ஓரத்தில் மட்டும் சிறிதளவு பறவைகள் தங்கின.

புழுதி நேரடியாகவும் கெடுதல் செய்யும். பறவைகளுக்கு நுரையீரலுடன் காற்றுப் பைகளும் உண்டு. பறக்கும்போது அவை அதிகக் காற்றை உள்ளிழுப்பதால் நுண்புழுதியும் உடன் செல்கிறது. இலைகளில் புழுதி படிந்தால் செடியின் வளர்ச்சி குன்றி, அதை நம்பி வாழும் பூச்சிகளும் குறைகின்றன.

தடுத்தது எப்படி?

காற்றுத் தூய்மைச் சட்டத்தின்படி புழுதியைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் மீது விழுந்தது. 2001-ல் வேலை தொடங்கியது. ஏரி முழுவதையும் நிரப்பவில்லை. புழுதி அதிகம் எழும் இடங்களில் பாத்தி பிரித்து, ஒரு சாண்கூட ஆழமில்லாதபடி தண்ணீர் நிறுத்தினர். சில இடங்களில் உப்பைத் தாங்கும் புல்லை வளர்த்துச் சொட்டு நீர் பாய்ச்சினர். வேறு சில இடங்களில் சரளைக் கல் பரப்பினர். நிலத்தைக் கட்டி கட்டியாக உழுது மேடு பள்ளமாக விடுவதும் ஒரு முறை; காற்றின் வேகம் தரைமட்டத்தில் குறைந்துவிடும்.

புழுதி வெகுவாக அடங்கியது. ஆனால் யாரும் எதிர்பாராத நன்மை ஒன்றும் விளைந்தது. ஆழமற்ற உப்பு நீரில் ஈக்கள் மீண்டும் பெருகின. அவற்றைத் தின்ன உள்ளான்களும், உப்புக்கொத்திகளும், மேல்நோக்கி வளைந்த அலகுடைய பறவைகளும் ஆயிரக்கணக்கில் திரும்பி வந்தன. சரளை பரப்பிய இடங்களிலும் புழுதி நின்றது. ஆனால் பறவைகளுக்கு அங்கே இரை இல்லை. இந்த வேலைகளுக்கு நகரம் செலவிட்ட தொகை 200 கோடி டாலருக்கு மேல் என்பது குறிப்பிடத்தக்கது.

விவசாயிகள் கவனிக்க

கோடியக்கரைக்கும் வேதாரணியம் உப்பளங்களுக்கும் குளிர்காலத்தில் வரும் உள்ளான், உப்புக்கொத்தி ஆகியவை இதே குடும்பங்களைச் சேர்ந்தவையே. நம் ஏரி, கண்மாய்களிலும் ஆழமற்ற ஓரங்களே பறவைகள் இரை தேடும் இடம்.

கோடை உழவில் நிலத்தைக் கட்டி கட்டியாக விடுவது நல்லது. பொடியாக உழுது வெறுமையாகப் போட்டால், சத்துள்ள மேல்மண்ணே புழுதியாகப் பறக்கும். காற்று வரும் திசையில் வரப்போரம் மரம் வளர்க்க வேண்டும். புழுதி படியும் சாலையோரப் பயிரில் செஞ்சிலந்தி பெருகும்; அதை அழிக்கும் நன்மை செய்யும் பூச்சிகள் புழுதியில் சரிவரச் செயல்பட முடிவதில்லை. எனவே இலையின் அடிப்பக்கத்தை அடிக்கடி பார்த்து வருவது அவசியம்.

நீர் நிற்கும் இடத்தைக் காப்பது செலவு குறைந்த வேலை. வற்றவிட்டுப் பிறகு புழுதியை அடக்குவது பெருஞ்செலவு.