கொடைக்கானலில் கம்ப்யூட்டருக்கு ஏ.சி. வேண்டுமா? நாமே மாட்டலாமா?

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் முதன்முதலாக வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கினார். மதுரையில் வாங்கி, காரின் பின் சீட்டில் போர்வை சுற்றி வைத்து, வத்தலக்குண்டு வழியாக மலை ஏற்றிக் கொண்டு வந்து சேர்த்தார். விற்ற கடைக்காரர், “சார், ஏ.சி. ரூமில் வைத்தால் பத்து வருடம் உழைக்கும்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அன்று இரவே எனக்குப் போன் வந்தது. “அண்ணே, ஒரு ஸ்பிளிட் ஏ.சி. வாங்கி நானே மாட்டிக்கொள்ளலாமா? மலைக்கு மேலே வர ஆட்கள் தனியாகக் காசு கேட்கிறார்கள்.”

கொடைக்கானலில் ஏ.சி.யா என்று முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. யோசித்துப் பார்த்தால் அந்தக் கேள்வியில் சிரிக்க ஒன்றும் இல்லை. கடைக்காரர் சொன்ன காரணம்தான் தவறு.

குளிர்ச்சிக்காக வேண்டியதில்லை

வீட்டுக் கம்ப்யூட்டர்கள் 35 டிகிரி வரை உள்ள அறையில் வேலை செய்யும்படியே தயாரிக்கப்படுகின்றன. கொடைக்கானலில் ஏப்ரல், மே மாதங்களில்கூடப் பகல் வெப்பநிலை பெரும்பாலும் 25 டிகிரியைத் தாண்டாது. ஜனவரி இரவில் 10 டிகிரிக்குக் கீழே போய்விடும். ஆகவே சிபியு பெட்டியைக் குளிர்விக்க ஏ.சி. வாங்குவது வீண் செலவு.

ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வையுங்கள். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று, கடற்கரை ஊர்களைவிட ஐந்தில் ஒரு பங்கு மெலிந்தது. சிபியு பெட்டியின் உள்ளே சுற்றும் ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் குறைவான காற்றையே தள்ளும். அறை குளிராக இருப்பதால் இது சரிக்கட்டிவிடும். ஆனால் குளிர் ஊர்தானே என்று பெட்டியைத் துணி போட்டு மூடி வைத்தபடி இயக்காதீர்கள். வழக்கமான ஹார்ட் டிஸ்க்கில் எழுதும் முனை, மெல்லிய காற்றுப் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. பெரும்பாலான ஹார்ட் டிஸ்க்குகளுக்கு 3,000 மீட்டர் உயரம் வரை அனுமதி உண்டு. எனவே கொடைக்கானலில் பயம் வேண்டாம்.

எதிரி ஈரம்தான்

இங்கே கம்ப்யூட்டருக்கு எதிரி ஈரம். ஜன்னலைத் திறந்தால் மேகமே அறைக்குள் வந்து உட்காரும் ஊர் இது. மழைக்காலத்தில் தோல் செருப்பில், கேமரா லென்ஸில், சிடி கவரில் எல்லாம் பூஞ்சை பிடிக்கும். கம்ப்யூட்டரின் ராம் கார்டு செருகும் இடத்திலும், பவர் கனெக்டர் முனைகளிலும் மெல்லப் பச்சையும் கருப்பும் படியும். ஒரு நாள் காலையில் ஆன் செய்தால் பீப் ஒலி மட்டும் வரும். திரையில் எதுவும் வராது.

ஏ.சி. பிறந்ததே ஈரத்தை அடக்கத்தான் என்பது பலருக்குத் தெரியாது. 1902-ல் அமெரிக்காவின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில், காற்றின் ஈரத்தால் தாள் விரிந்து சுருங்கி வண்ணங்கள் இடம் மாறி விழுந்தன. அதைச் சரிசெய்ய வில்லிஸ் கேரியர் என்ற இளம் இன்ஜினியர் வடிவமைத்த அமைப்புதான் இன்றைய ஏ.சி.க்கு மூதாதை. மனிதர்களுக்குச் சுகம் என்பதெல்லாம் பிறகு வந்தது.

கொடைக்கானலிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1899-ல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் சூரியனைக் கண்ணாடித் தகடுகளில் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். அத்தகடுகளின் மேல் பூச்சு ஜெலட்டின். பூஞ்சைக்கு அது நல்ல சாப்பாடு. அந்தப் படங்களையெல்லாம் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பழைய போட்டோ ஆல்பத்துக்கும் இதைச் செய்யலாம். அதைப் பற்றி இன்னொரு மாதம் பார்ப்போம்.

சரி, ஈரத்துக்கு என்ன செய்வது? ஏ.சி. ரிமோட்டில் ‘டிரை’ என்று ஒரு பட்டன் இருக்குமே என்பீர்கள். அது அறையைக் குளிர்வித்துத்தான் ஈரத்தை எடுக்கும். ஏற்கெனவே 14 டிகிரியில் நடுங்கும் அறையில் அது சரியாக வேலை செய்யாது. உள் யூனிட்டில் பனிக்கட்டி பிடிக்கலாம். ‘கூல்’ பட்டனை அழுத்தினாலோ இன்னும் வேடிக்கை. 2020 ஜனவரிக்குப் பிறகு தயாரான நட்சத்திர முத்திரை ஏ.சி.கள் ஆன் செய்ததும் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. அறை 18-ல் இருக்கும்போது கம்ப்ரஸர் ஓடவே ஓடாது. வெறும் ஃபேன்தான் சுற்றும்.

இங்கே பயன்படுவது ‘ஹாட் அண்ட் கோல்டு’ வகை ஸ்பிளிட். இது வெளிக் காற்றிலுள்ள வெப்பத்தை உறிஞ்சி அறைக்குள் தள்ளுகிறது. 12 டிகிரியில் 95 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 20 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே வந்துவிடும். தண்ணீரை வெளியேற்றவில்லை, ஆனாலும் பொருள்கள் மேல் ஈரம் படியாது. சாதாரண ரூம் ஹீட்டர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம் தரும். இது நல்ல நிலையில் ஏறத்தாழ மூன்று யூனிட் தரும். உறைபனி இரவுகளில் வெளி யூனிட்டின் மேல் பனி படியும். அதைக் கரைக்க இயந்திரம் தானாகவே சில நிமிடங்கள் சூடு தருவதை நிறுத்தும். ரிப்பேர் என்று நினைத்து ஆளைக் கூப்பிட்டுவிடாதீர்கள்.

எதை நாமே செய்யலாம்?

அமெரிக்காவில் மிஸ்டர்கூல் என்ற நிறுவனம், வாயு நிரப்பி மூடிய குழாய்களுடன் வீட்டுக்காரரே மாட்டிக்கொள்ளும் ஸ்பிளிட் ஏ.சி. விற்கிறது. நம் ஊர்க் கடைகளில் பரவலாகக் கிடைப்பது அந்த வகை அல்ல. இங்கே வாயு வெளி யூனிட்டுக்குள் அடைபட்டிருக்கும். தாமிரக் குழாயை அளந்து வெட்டி, முனையை விரித்து, நட் போட்டு இணைக்க வேண்டும். ஆகவே வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இடம் பார்ப்பது உங்கள் வேலை. உள் யூனிட்டைக் கம்ப்யூட்டருக்கு நேர் மேலே மாட்டாதீர்கள். தண்ணீர் வடியும் குழாய் அடைத்துக்கொண்டால் நேராக மானிட்டரில்தான் விழும். வெளி யூனிட்டை மழைச் சாரல் அடிக்காத, ஆனால் காற்றோட்டம் உள்ள பக்கத்தில் வையுங்கள். சூடாக்கும்போது வெளி யூனிட்டிலிருந்துதான் தண்ணீர் சொட்டும். அது பக்கத்து வீட்டுப் படிக்கட்டில் விழுந்தால் பாசி பிடித்து வழுக்கும். சண்டையும் வரும்.

சுவர்த் துளை கொடைக்கானலில் தனிக் கதை. பழைய பங்களாக்களின் கருங்கல் சுவர் ஒன்றரை அடி கனம்கூட இருக்கும். சாதாரண டிரில்லிங் மெஷின் அதில் திணறும். துளையை வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வாக இருக்கும்படி போடுங்கள்; இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் குழாய் வழியே உள்ளே வரும். தண்ணீர்க் குழாய்க்கும் அதே சரிவு, நெடுகிலும் வேண்டும். வேலை முடிந்ததும் துளையைச் சுற்றி நன்றாக அடைத்துவிடுங்கள். மேகமும் எலியும் அவ்வழியே வரும்.

மின்சார வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். ஏ.சி.க்கு மெயின் போர்டிலிருந்து தனி ஒயர், தனி எம்.சி.பி. வேண்டும். கம்ப்யூட்டர் இருக்கும் அதே பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு மாட்டவே கூடாது. யு.பி.எஸ்.ஸில் மாட்டலாமா என்று ஒருவர் கேட்டார். வீட்டு யு.பி.எஸ். சில நூறு வாட் தாங்கும் பெட்டி. ஏ.சி.யோ ஹீட்டரோ மாட்டினால் அந்த நொடியே அது அணைந்துவிடும், உங்கள் கம்ப்யூட்டரும் சேர்ந்து. எர்த் சரியாக இருக்கிறதா என்று இந்தச் சாக்கில் பார்த்துவிடுங்கள். பாறை நிலத்தில் எர்த் பிடிப்பது கடினம். இடி மின்னலுக்குப் பஞ்சமில்லாத மலையில் கம்ப்யூட்டருக்கும் அதுதான் காப்பு.

எதைத் தொடக் கூடாது?

குழாய் இணைப்பும் வாயுவும். இப்போது வரும் பல ஏ.சி.களில் ஆர்-32 என்ற வாயு இருக்கிறது. பழைய ஆர்-22 போலல்லாமல் இது லேசாகத் தீப்பற்றக் கூடியது; காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்தால் அறையின் தரையோரம் தேங்கும். பக்கத்தில் கணப்பு அடுப்பு எரியும் வீடு என்றால் கேட்கவே வேண்டாம். கசிவு பார்க்க நைட்ரஜன் செலுத்த வேண்டும். கிடைக்கவில்லை என்று வெல்டிங் கடை ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டினால், கம்ப்ரஸர் எண்ணெயோடு சேர்ந்து வெடித்துவிடும். ஏ.சி.யைக் கழற்றும்போது வாயுவை வெளி யூனிட்டுக்குள் திரும்ப இழுப்பார்கள். அப்போது குழாய் வழியே காற்றும் உள்ளே போனால் கம்ப்ரஸர் வெடிக்கும். ஜப்பானில் இப்படி விபத்துகள் நடந்து எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறார்கள்.

ஆனால் ஆள் வந்து செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கள். குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் வாக்குவம் பம்ப் வைத்து இழுக்க வேண்டும். சிலர் நேரம் மிச்சம் பிடிக்கக் கொஞ்சம் வாயுவைத் திறந்துவிட்டு, “காற்று போய்விட்டது சார்” என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். உள்ளே தங்கும் ஈரம் கம்ப்ரஸரைக் கெடுக்கும்.

மலைக்கே உரிய ஒரு சங்கதி இங்கே உண்டு. கடல் மட்டத்தில் வாக்குவம் கேஜின் முள் 29 அங்குலத்தைத் தாண்டி நிற்கும். கொடைக்கானலில் காற்றழுத்தமே குறைவு என்பதால், எவ்வளவு நல்ல பம்ப் ஓடினாலும் முள் 23 அங்குலத்தைச் சுற்றித்தான் நிற்கும். கசிவு இல்லை, பம்பும் சரி. ஊரின் உயரம் அது. மைக்ரான் கேஜ் என்ற கருவிக்கு இந்தக் குழப்பம் இல்லை. அது 500 மைக்ரானுக்குக் கீழே இறங்கி, பம்பை நிறுத்திய பிறகும் ஏறாமல் நின்றால் வேலை சுத்தம்.

நண்பர் வீட்டில் இதுவே நடந்தது. திண்டுக்கல்லிலிருந்து வந்தவர் முள் 23-ல் நிற்பதைப் பார்த்துவிட்டு, குழாய் முனையை இரண்டு தடவை வெட்டி மறுபடி விரித்தார். மூன்றாம் தடவை கத்தியை எடுக்கும்போது நண்பர் எனக்குப் போன் செய்து, போனை அவர் கையில் கொடுத்தார். பம்பை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் காத்திருக்கச் சொன்னேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தார்கள். முள் அசையவில்லை. வால்வைத் திறந்தார்கள்.

துளை, ஸ்டாண்டு, தண்ணீர்க் குழாய் எல்லாம் நண்பரே முன்கூட்டி முடித்து வைத்திருந்ததால், வந்தவர் இருட்டுவதற்குள் கடைசி பஸ்ஸைப் பிடித்துவிட்டார். இப்போது அந்த அறையில் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று மானிட்டர் பக்கத்தில் இருக்கிறது. முள் 70-ஐத் தாண்டும் நாள்களில் மட்டும் ஏ.சி.யைச் சூட்டில் போடுகிறார். மற்ற நாள்களில் தினமும் ஒரு மணி நேரம் கம்ப்யூட்டரை ஓட விடுகிறார். அதன் சூடே அதற்குப் போதுமானதாக இருக்கிறது. மேஜையைச் சுவரிலிருந்து ஒரு ஜாண் தள்ளிப் போட்டிருக்கிறார்.